சர்க்கரை மூட்டையோடு விழுந்தவன்

முப்பது வருஷம் தலைச்சுமை தூக்கினேன். அதில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன். பட்டினியால் விழுந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நான் ஒரு பாக்கெட் குளுக்கோஸைக் குடித்துவிட்டு விழுந்தேன். தலையில் நூறு கிலோ சர்க்கரை மூட்டை. உடம்புக்குள் சர்க்கரை போதவில்லை.

(இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரி சரசு சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் நீளும்.)

மட்டாஞ்சேரி பஜாரில் கிடங்குகளுக்கு முகம் தெருவில், முதுகு காயலில். தெருப்பக்கம் மிளகும் சுக்கும் லாரி ஏறும். காயல் பக்கம் சரக்குப் படகு, எங்கள் பேச்சில் வள்ளம், வந்து ஒட்டும். ரயிலில் வந்த அரிசியும் சர்க்கரையும் ஸ்டேஷன் இருக்கிற எதிர்த் தீவிலிருந்து வள்ளத்தில்தான் வரும். வள்ளத்துக்கும் கிடங்குப் படிக்கும் நடுவில் ஒரு பலகை. ஒரு அடி அகலம் இருக்கும். அதன் மேல் நடந்துதான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

காயல் கடலோடு சேர்ந்த உப்பங்கழி, அதில் தண்ணீர் ஏறும், இறங்கும். ஏறியிருக்கும்போது பலகை தட்டையாகக் கிடக்கும். இறங்கினால் வள்ளமும் கூடவே இறங்கிவிடும். பலகை ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதனால் தண்ணீர் இறங்குவதற்குள் மூட்டையை இறக்கிவிடப் பார்ப்போம். பெரும்பாலும் முடியாது.

இது எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போது பகரக்காரன். கூட்டத்தில் ஒருவன் வராவிட்டால் அவனுக்குப் பகரமாக நிற்பவன். ஏழு வருஷமாக அப்படி. யாருக்காவது காய்ச்சல் வந்தால் என் வீட்டில் அடுப்பு எரியும். பிறத்தியாருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் சந்தோஷமாக இருக்கும்.

கூட்டத்துக்குத் தலைவர் வறீது மூப்பன். யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பது அவர் வாய்ச்சொல். ஆளை எடைபோட முகத்தைப் பார்க்க மாட்டார். பாதத்தைப் பார்ப்பார்.

அந்த வருஷம் நாணு என்கிற பழைய ஆள் முழங்கால் போய் நின்றுவிட்டார். ஒரு இடம் காலி. கூட்டத்தில் நிரந்தரமாகச் சேர ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வள்ளத்தின் கடைசி இருபது மூட்டையை ஒருவனே தூக்க வேண்டும். கடைசி இருபது வருவதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், பலகை நிமிர்ந்திருக்கும். மற்றவர்கள் படியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அவர்களுக்கு அது சினிமா.

என்னைப் போல இன்னொரு பகரக்காரன் ஹம்சா. அவன் எனக்கு முந்தின வாரம் தூக்கினான். பதினெட்டாவது மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த முறை எனக்கு. தூக்கிவிட்டால் இடம் எனக்கு. வீட்டில் நாலு வயதில் மகள் இருந்தாள். இன்றைக்கு வேலை உண்டா என்று தினம் காலையில் அவளே கேட்க ஆரம்பித்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் இல்லை. அதைவிட அதிகம் தூக்கியிருக்கிறேன். ராத்திரிச் சோறு, காலையில் பால் விடாத ஒரு கட்டன் சாயா, நேரே வேலை. பத்து மணிக்கு ஒரு துண்டு கப்பை, மரவள்ளிக்கிழங்கு. இவ்வளவுதான் என் சாப்பாடு. கண் இருட்டியதில்லை. கை நடுங்கியதில்லை.

அப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் மச்சான் பொன்னுசாமி, சரசுவின் அண்ணன், அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் பாதி டாக்டர் என்று அவருக்கு நினைப்பு. மீதிப் பாதியை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். சுள்ளிக்கல்லில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குத் தலைவலி வந்தாலும் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு சொன்னார்.

"மாப்ள, எழுந்திரிக்க முடியாம கிடக்கிறவனுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தறோம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேக்கிறான். அவனுக்கே அப்படின்னா, நல்லா இருக்கிற உனக்கு ஏத்தினா என்ன ஆகும்?"

யோசித்துப் பார்த்தேன். நான் அஞ்சாம் கிளாஸ். அவர் கேள்வியில் எந்த இடத்தில் ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டம் முழுக்க அவருடையது. முந்தின நாள் சோறு கிடையாது. எலுமிச்சம்பழத் தண்ணீர் மட்டும். காய்ந்த துணிதான் தண்ணீரை நன்றாக உறிஞ்சுமாம். உடம்பும் அப்படித்தானாம். மூட்டை தூக்கப் போகிற மனுஷனைச் சோறு போடாமல் அனுப்புவதா என்று சரசு கேட்டாள். நீ எத்தனை வார்டு பார்த்திருக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் கப்பைச் சட்டியை எடுத்துப் பரணில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் சர்க்கரை வள்ளம். கூட்டம் காலையிலேயே இறக்க ஆரம்பித்துவிட்டது. என் இருபது மூட்டைக்குப் பதினோரு மணி ஆகும். மச்சான் லீவு போட்டுவிட்டுக் கையில் கூஜாவோடு வந்துவிட்டார். ஒரு பாக்கெட் குளுக்கோஸ் முழுவதையும் அதில் கரைத்திருந்தார். நாலு பேர் குடிக்க வேண்டியது. நான் ஒருவன் குடித்தேன். தித்திப்பில் பல் கூசியது.

"இனி முக்கால் மணி நேரம் அசையாதே மாப்ள. அசைஞ்சா செலவாயிடும்."

கிடங்கு நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதையும் மச்சானே ஓட்டினார். அந்தப் பக்கம் போன மூப்பன் நின்று பார்த்துவிட்டு, இவனுக்கு யாராவது செத்துப் போனார்களா என்று ஹம்சாவிடம் விசாரித்தாராம்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. உள்ளே ஏறுகிறது, அதுதான் என்றார் மச்சான்.

கூப்பிட்டார்கள். போனேன். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டேன். வள்ளத்தில் இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் தலையில் ஏற்றினார்கள். முதல் மூட்டை பூ மாதிரி போயிற்று. இரண்டாவதும். மச்சான் படியில் நின்று எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். மூன்றாவதில் நெற்றி வியர்த்தது. வேலை செய்தால் வியர்க்கும். ஆனால் இந்த வியர்வை ஜில்லென்று இருந்தது. நாலாவதில் கொலைப்பசி எடுத்தது. ஐந்தாவதில் உதடு மரத்துவிட்டது. முழங்கால் தனக்கென்று ஒரு தாளம் போட ஆரம்பித்தது.

ஆறாவதில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைப் பார்த்து வை என்று மூப்பன் சொன்னாராம். நான் பலகை நடுவில் மூட்டையோடு நின்றேனாம். அவரிடம் ஏழு வருஷமாக 'சரி' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவன், அன்றைக்கு வாயைத் திறந்தேனாம்.

"மூப்பா, நீயும் ஏறி மூட்டை மேல உட்காரு. சேர்த்தே தூக்கிட்டுப் போறேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஏழாவது மூட்டையோடு பலகையில் ஏறினேன். பாதி வழியில் இரண்டு பலகை தெரிந்தது. எது நிஜம் என்று நின்று யோசிக்க முடியாது. இடது பக்கத்துப் பலகையில் கால் வைத்தேன். அது இல்லை.

கீழே முழங்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு. நான் சேற்றில். மூட்டை வள்ளத்து விளிம்பில் மாட்டிக் கிழிந்து என் முகத்தில் கொட்டியது. ஹம்சாதான் முதலில் குதித்தான். என்னைப் படியில் இழுத்துப் போட்டபோது வாய் நிறையச் சர்க்கரையாம், கொஞ்சம் சேறும். கண்ணைத் திறக்காமல் கன்றுக்குட்டி மாதிரி உதட்டை நக்கிக்கொண்டிருந்தேனாம். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம்.

யாரோ 'சுழலி' என்றார்கள். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. சாவிக்கொத்துக்கு எங்கே போவது. மூட்டை இழுக்கிற கொக்கியைக் கையில் திணித்துவிட்டார்கள். அவர்களுக்கு அதன் கூர்முனை ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்தேன். தலை தெளிவாக இருந்தது. கையில் கொக்கி. எதிரில் இருந்த மூப்பன் மூன்று படி பின்னால் போனார்.

"பாக்கி பதிமூணு மூட்டை இருக்கே," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மூப்பன் மெதுவாகச் சொன்னார். அவர் மலையாளத்திலும் எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ் கலந்திருக்கும்.

"மாணிக்கா, நீ நல்ல பணிக்காரன். பட்சே சுழலி உள்ள ஆளை நான் பலகையில ஏத்த மாட்டேன், கேட்டோ. பகரத்துக்கும் வர வேண்டாம்."

இடம் போனது மட்டும் இல்லை. இருந்த பகரமும் போயிற்று. பஜாரில் இருக்கிற மற்றக் கூட்டங்களுக்கும் சாயங்காலத்துக்குள் செய்தி போய்விடும். சுழலிக்காரன் என்று ஒரு பேர் விழுந்தால் கூடைச் சுமைக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கிழிந்த மூட்டைக்குச் சரக்குக்காரரிடம் மூப்பன் ஏதோ சொல்லிச் சமாளித்தார். என்ன சொன்னார் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சரசு என் முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட் போதவில்லை, இரண்டாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். சரசு அகப்பையோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு இவரை உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சுழலி இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. கடுதாசி இல்லைன்னா ரெண்டு பேரும் அங்கேயே இருங்க."

போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஒல்லி, பெரிய கண்ணாடி. புதிதாக வந்தவர். சின்ன வயசில் வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா, தலையில் அடிபட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. முழங்காலில் சுத்தியால் தட்டினார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். பிறகு அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றார்.

மச்சான் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். காய்ந்த துணியிலிருந்து கூஜா வரைக்கும், அசையாமல் உட்கார்ந்த முக்கால் மணி நேரம் வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மச்சானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் திரும்பி, தலையில் இருந்தது என்ன மூட்டை என்றார்.

"சர்க்கரை."

"அது வாய்க்குள்ள போச்சா?"

"நிறையப் போச்சு. அப்புறம்தான் தெளிஞ்சது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. டாக்டர்களும் சிரிப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்ற நாளில் என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மூட்டை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். கட்டன் சாயாவோடு தூக்குகிற மூட்டைக் கணக்கைச் சொன்னேன். சீட்டைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தில் படம் வரைய ஆரம்பித்தார். அவர் மலையாளத்தில் சொன்னதை எனக்குப் புரிந்தமாதிரி எழுதுகிறேன்.

நம் உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுவதிலும் இருக்கிற சர்க்கரை ஒரு ஸ்பூன்தான். ஒரு சாயாவுக்குப் போடுகிற அளவு. இதைக் கேட்டதும் நான் நம்பவில்லை. மேலே நூறு கிலோ, உள்ளே ஒரு ஸ்பூனா என்றேன். ஒரு ஸ்பூன்தான் என்றார். மூட்டை தூக்குகிற சதை அதை எடுத்து எரிக்கும். அப்படியே விட்டால் நாலைந்து மூட்டைக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மூளைக்கு இல்லை. மூளைக்கு இல்லாவிட்டால் ஒரு பலகை இரண்டாகத் தெரியும்.

ஆனால் தீருவதில்லை. காரணம் கல்லீரல். அங்கே சர்க்கரை அடுக்கி வைத்திருக்கிறது. சதை எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவை அது ரத்தத்தில் போடும். கூட இல்லை, குறைய இல்லை. வேகமாக நடந்தால் வேகமாகப் போடும். நின்றால் நிறுத்தும்.

அது கிடங்கு என்றேன்.

"அதே. கிடங்குதான்," என்றார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கிடங்கென்றால் திறக்க மூட ஆள் வேண்டுமே என்று கேட்டேன். அதற்குக் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். (எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது. அது ஒரு நாளும் தன்னைக் காட்டிக்கொண்டதில்லை.) அதனிடம் இரண்டு ஆள்கள். ஒருவன் கிடங்கைத் திற என்று சொல்கிறவன், ஒருவன் மூடு என்று சொல்கிறவன். நாம் வேலையில் இறங்கினால் மூடச் சொல்கிறவன் தானாக ஒதுங்கிவிடுவான். திறக்கச் சொல்கிறவன் முன்னால் வருவான். கடும் சுமையானால் மூளையும் நேரே ஆள் அனுப்பும். சர்க்கரை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இவர்கள் காத்திருப்பதில்லை. நான் குனிந்து மூட்டையைப் பிடிக்கும்போதே உள்ளே வேலை ஆரம்பமாகிவிடும்.

இன்னொன்றும் சொன்னார். சதை சர்க்கரையை எரித்துவிட்டு ஒரு கழிவை வெளியே தள்ளுமாம். கல்லீரல் அந்தக் கழிவைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் சர்க்கரையாக்கி அனுப்புமாம். எங்கள் கிடங்கில் சிந்தின மிளகைக் கூட்டிப் புடைத்து மறுபடி சாக்கில் போடுவோம். நாங்கள் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் நான் ஏன் விழுந்தேன் என்று கேட்டேன்.

முந்தின நாள் பட்டினி போட்டுக் கிடங்கைப் பாதி காலி செய்தீர்கள். காலையில் ஒரே மூச்சில் அவ்வளவு சர்க்கரை குடித்தீர்கள். குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தீர்கள். வாசலில் இத்தனை சரக்கு வந்து குவிந்தால் கிடங்குக்காரன் என்ன செய்வான்? மூடச் சொல்கிறவன் ஓடி வந்து கிடங்கை மூடிவிட்டான். வந்த சரக்கையும் எடுத்து உள்ளே அடுக்கச் சொல்லிவிட்டான். அந்த நேரம் பார்த்து நீங்கள் மூட்டை தூக்க ஆரம்பித்தீர்கள். சதை ஒரு பக்கம் இழுக்கிறது. கிடங்கு மூடியிருக்கிறது. இருந்த ஒரு ஸ்பூனும் போயிற்று.

"உடம்பு தன்னோட வேலையைச் சரியாத்தான் செஞ்சது. நீங்க ரெண்டு பேரும்தான் நடுவுல புகுந்தீங்க," என்றார்.

மச்சான் தொண்டையைச் செருமினார். அப்போ வார்டில் ஏத்தறது எதுக்கு என்று கேட்டார். அது சாப்பிட முடியாமல் படுத்திருக்கிறவருக்கு, மூட்டை தூக்கப் போகிறவருக்கு இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அதைத்தான் நானும் நினைத்தேன் என்று மச்சான் தலையாட்டினார்.

சுழலி இல்லை என்று இங்கிலீஷில் ஒரு கடுதாசி கொடுத்தார். சரசு வீட்டுக்குள் விட்டாள்.

மூப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"நீ விழ மாட்டேன்னு இந்தக் காகிதம் சொல்லுது. விழுந்தா இது பிடிக்குமா?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல் எவனாவது சுழலிக்காரன் மூட்டையோடு விழுவதை நானும் விரும்ப மாட்டேன்.

இதை மச்சான் போய் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். தன் லீவு நாளில் பஸ் பிடித்து, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு, மட்டாஞ்சேரி கிடங்குக்கே வந்துவிட்டார். மூப்பனிடம் நேரே போனார். இவரை எப்போதும் போலச் சாப்பிட்டுவிட்டு இருபது மூட்டை தூக்கச் சொல்லுங்கள், நான் மூன்று தடவை ரத்தம் எடுப்பேன், நானும் பார்க்க வேண்டும் என்றார். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். மூப்பன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் யாருக்கும் ஸ்டூல் துடைத்து நான் பார்த்ததில்லை.

மூப்பன் ஒரு நாள் குறித்தார், அந்த நாளில் டாக்டரம்மா மறுபடியும் வந்தார். அன்றைக்கும் சர்க்கரை வள்ளம்தான். மூப்பன் வேண்டுமென்றே அதற்காகக் காத்திருந்தார் என்று ஹம்சா சொன்னான். முந்தின ராத்திரி சரசு சோறும் மத்திக் குழம்பும் கப்பையும் வைத்திருந்தாள். என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் படுத்தாள். காலையில் கட்டன் சாயா. அவ்வளவுதான். மச்சான் பக்கத்திலேயே வரக் கூடாது என்று அவள் உத்தரவு. அவர் நாலு கிடங்கு தள்ளி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குள் குளுக்கோஸ் பாக்கெட் புடைத்துக்கொண்டு தெரிந்தது. (ஒருவேளை தேவைப்பட்டால் என்றாராம்.)

டாக்டரம்மா முதல் ரத்தம் எடுத்தார். நூறு கிலோ தூக்குகிற ஹம்சா ஊசியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்தம் எடுத்தால் பலம் போகாதா என்று மூப்பன் கேட்டார். போகாது என்றார் டாக்டரம்மா.

தூக்கினேன்.

ஏழாவது மூட்டை என் தலையில் ஏறியபோது படியில் இருந்தவர்கள் எல்லோரும் சாயா க்ளாசைக் கீழே வைத்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

ஏழு வருஷமாகத் தூக்குகிறேன். என் கால், என் கழுத்து, என் தோள் என்று நினைத்துக்கொண்டு தூக்கினேன். அன்றைக்குத்தான் உள்ளே இருக்கிறவனை நினைத்தேன். ஒரு அடி ஏறினால் அதற்கு ஒரு சிட்டிகை. இன்னொரு அடிக்கு இன்னொரு சிட்டிகை. தராசு கிடையாது, கூவிச் சொல்ல ஆள் கிடையாது. சோறு தின்றவனுக்கும் போட்டான், கஞ்சி குடித்தவனுக்கும் போட்டான். இத்தனை நாளாக நான் தூக்கிய ஒவ்வொரு மூட்டைக்கும், பகரமாக இல்லாமல் நிரந்தரமாக, கூடவே நின்றவன் அவன். ஒரு நாள் ஒரு கூஜாவைக் குடித்து அவன் கதவைச் சாத்தியது நான்.

பத்தாவதில் ரத்தம். இருபதாவதில் ரத்தம். இருபதை இறக்கி வைத்தபோது மூச்சு வாங்கியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூப்பன் என் பாதத்தைப் பார்த்தார். நடுங்கவில்லை.

மறுநாள் மச்சான் ரிசல்ட் சீட்டைக் கொண்டு வந்தார். தூக்கும் முன்னால் ஒரு எண், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசி எண் ஒரு இம்மி கூடுதல். இதைப் பார்த்து டாக்டரம்மா கை தட்டினாராம். நான் அந்தச் சீட்டை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இருபது மூட்டை. இரண்டாயிரம் கிலோ. உள்ளே இருந்த ஒரு ஸ்பூன் அப்படியே இருந்தது.

மூப்பன் எனக்கு இடம் கொடுத்தார். நாணுவின் கொக்கியை என் கையில் கொடுப்பதுதான் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். கொஞ்சம் தள்ளி நின்று, கையை நீட்டி, பிடிப் பக்கமாகக் கொடுத்தார்.

"என்னையும் சேர்த்துத் தூக்கறேன்னு சொன்னியே. அது என்னிக்கு?"

அன்றைக்குத்தான் கூட்டம் சிரித்தது. சேர்த்து வைத்திருந்து சிரித்தார்கள். ஆறு மாசத்தில் ஹம்சாவுக்கும் இடம் வந்தது. டாக்டரம்மாவை அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் நான் பார்க்கவில்லை. நல்ல டாக்டர். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பிறகு எண்பதுகளின் கடைசியில் மகள் கல்யாணம். எங்களில் பெண்ணைத் தாரை வார்க்கிற அப்பன் தாலி ஏறுகிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடக் கூடாது. முகூர்த்தம் பத்தரைக்கு மேல். நான் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். பந்தல், பாத்திரம், பூ, சம்பந்தி வீட்டாருக்கு வேன். ஹம்சாவும் மச்சானும் என் பின்னாலேயே ஓடினார்கள். உதவிக்கு என்று நினைத்தேன். பாத்திரம் எதையும் அவர்கள் தூக்கவில்லை. நான் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். ஒரு தடவை தும்மினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களிடம் சொன்னேன். உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்றேன்.

"அது எங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி," என்றான் ஹம்சா. "இருந்தாலும் நாங்க வெளியில நிக்கறோம்."

மணவறையில் உட்கார்ந்தேன். மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். தண்ணீர் வார்த்தேன். கை நடுங்கவில்லை. கண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தது, அது வேறு விஷயம்.

அந்த நேரத்தில் எடுத்த போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. படத்தில் இருக்கிற அத்தனை பேரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கிறார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பெரிய ஆள்கள் மட்டும் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, மூட்டை விழப்போகிறமாதிரி என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இது யார், ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று கேட்காமல் போவதில்லை. சரசு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பாள். அவள் முடிப்பதற்குள் நான் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.